மனக்கசப்பின் அரசியல்: நூல் மதிப்பீடு

அமெரிக்க அரசியல் அறிவியலாளர் கேத்தரின் கிராமர் எழுதிய ‘த பாலிடிக்ஸ் ஆஃப் ரிசென்ட்மென்ட்’ (மனக்கசப்பின் அரசியல்) 2016-இல் வெளிவந்தது. விஸ்கான்சின் மாநிலச் சிற்றூர்களின் உணவகங்களிலும் பெட்ரோல் பங்குகளிலும் காலையில் காபி குடிக்கக் கூடுவோருடன், 2007 முதல் அவர் அமர்ந்து கேட்ட பேச்சே இதன் அடிப்படை.

அவர்களின் குறைகள் மூன்று: முடிவெடுப்போர் தங்களைப் பொருட்படுத்துவதில்லை, வரிப்பணத்தில் உரிய பங்கு வருவதில்லை, நகரத்தார் தங்களை மதிப்பதில்லை. இக்கசப்பு அரசு ஊழியர்கள் மீதும் திரும்பியது. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரும் தப்பவில்லை. 2011-இல் மாநில ஆளுநர் ஸ்காட் வாக்கர், அரசு ஊழியர்களின் கூட்டுப்பேர உரிமையைப் பெரிதும் குறைத்தபோது அவருக்கு ஆதரவு கிடைத்த காரணம் இங்கே விளங்குகிறது. ஆசிரியப் பணியில் இருந்தவர்கள் இப்பகுதியை வருத்தமின்றிப் படிக்க இயலாது.

வாக்காளரை அறியாதவர் என ஒதுக்காமல் செவிமடுத்ததே நூலின் வலிமை. சிற்றூர்களுக்கு அரசுப் பணம் குறைவாக வருகிறது என்பதைக் கணக்குகள் தெளிவாகக் காட்டவில்லை என்றும் கிராமர் நேர்மையாகச் சொல்கிறார். ஆனால், பேசியவர்களில் பெரும்பாலோர் வெள்ளையின முதிய ஆண்கள். மில்வாக்கி நகரக் கறுப்பின மக்களைப் பற்றிய அவர்களின் எண்ணத்தை நூல் இன்னும் ஆழமாகக் கேள்வி கேட்டிருக்கலாம்.

அதே 2016-இல் டிரம்ப் இம்மாநிலத்தை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டில் வென்றார். கணக்கைக் காட்டினால் மட்டும் கசப்பு தீராது என்பதை உணர இந்நூல் உதவும்.