செய்தியாளர் மேசையிலிருந்து டிஸ்க்வேர்ல்டு

டெர்ரி பிராட்செட் 1948இல் இங்கிலாந்தின் பீக்கன்ஸ்ஃபீல்டு நகரில் பிறந்தார். 1965இல் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு, 'பக்ஸ் ஃப்ரீ பிரஸ்' என்னும் வட்டாரப் பத்திரிகையில் பயிற்சிச் செய்தியாளராகச் சேர்ந்தார். செய்தி சேகரிப்பதோடு, அதன் சிறுவர் பகுதிக்குக் கதைகளும் எழுதினார். தரைவிரிப்பின் இழைகளுக்கிடையே வாழும் குட்டி மனிதர்களைப் பற்றிய அவருடைய முதல் நாவல் 1971இல் வெளிவந்தது.

பிறகு மின்உற்பத்தி வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அலுவலரானார். அணுமின் நிலையங்களைப் பற்றிச் செய்தியாளர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவர் வேலை. அந்த நாட்களில்தான், 1983இல், டிஸ்க்வேர்ல்டு வரிசையின் முதல் நாவல் வந்தது. 1987இல் வேலையை விட்டு முழுநேர எழுத்தாளரானார்.

நான்கு யானைகளும் ஒரு பேராமையும் சுமக்கும் தட்டையான உலகம்தான் டிஸ்க்வேர்ல்டு. ஆனாலும் அங்குள்ள அங்க்-மார்ப்போர்க் நகரம் நம்பும்படி இருக்கிறது. காவல் நிலையம், அச்சகம், அஞ்சலகம், நாணயச்சாலை என்று ஒவ்வொன்றும் எப்படி இயங்குகிறது, கூலி யாருக்குப் போகிறது என்பதையெல்லாம் அவர் விடாமல் சொல்கிறார். 'தி ட்ரூத்' நாவலில் ஒரு நாளிதழ் பிறக்கும் பரபரப்பு, பத்திரிகை அலுவலகத்தில் உழைத்தவருக்கே கைவரும். மந்திரத்தைவிட இந்த வேலைத்தல நுணுக்கமே அவருடைய பெரிய சாதனை.

2007இல் அவருக்கு அரியவகை அல்சைமர் நோய் இருப்பது தெரிந்தது. தட்டச்சு செய்ய முடியாமல் போனபின், உதவியாளரிடமும் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளிடமும் சொல்லிச் சொல்லி நாவல்களை எழுதினார். டிஸ்க்வேர்ல்டு வரிசையின் 41ஆவது நாவல், அவர் மறைந்த 2015ஆம் ஆண்டிலேயே வெளியானது.