குட்டி யானையில் எத்தனை காளை?

தை மூன்றாம் நாள் காலையில், மஞ்சுவிரட்டு நடக்கும் சிராவயல் சாலையோரம் நின்றால் போதும், செட்டிநாட்டில் ஓடும் சிறிய சரக்கு வண்டிகள் அத்தனையையும் பார்த்துவிடலாம். டாடா ஏஸ், பொலேரோ பிக்அப், தோஸ்த், இன்ட்ரா, இடையிடையே டிராக்டர் டிரெய்லர். எல்லாவற்றிலும் மஞ்சுவிரட்டுக் காளைகள். சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் நெருக்கியடித்துக்கொண்டு மூன்று. இந்த வண்டிகளில் எதுவும் மாட்டுக்கென்று செய்யப்பட்டதல்ல. சிமெண்டு மூட்டைக்கும் தண்ணீர் கேனுக்கும் செய்த வண்டியில் பைப் கிராதி வைத்து, மேலே தார்ப்பாய் கட்டி மாடு ஏற்றும் வண்டியாக்குகிறோம். அதனாலேயே வாங்கும்போதும் சிமெண்டுக்காரர் கேட்கிற கேள்வியையே நாமும் கேட்கிறோம்: எத்தனை டன் இழுக்கும்? மூட்டைக்கு அது சரியான கேள்வி. கால் ஊன்றி நிற்கிற லோடுக்கு, டன் தீர்வதற்கு வெகு முன்பே தரை தீர்ந்துவிடுகிறது. ஆகவே கால்நடைக்கு வண்டி பார்க்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது தரை, அடுத்தது பின்கதவு, பிறகு ஸ்பிரிங். எஞ்சின் கடைசி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2015-ல் சேர்த்த 125-இ பிரிவு, பசுவுக்கோ எருமைக்கோ ஒன்றுக்கு 2 சதுர மீட்டர், ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர் என்று தடுப்பு அறையின் குறைந்தபட்ச அளவைச் சொல்கிறது. அடிக் கணக்கில் மாட்டுக்கு 21.5 சதுர அடி, ஆட்டுக்கு மூன்றேகால். ஊரில் குட்டி யானை என்று பெயர் வாங்கிய ஏஸின் தரை ஏழடி நீளத்துக்குச் சற்று மேல், ஐந்தடி அகலத்துக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 35 சதுர அடி. ஒரு காளை ஏறலாம், இரண்டு கூடாது. ஆடு என்றால் பத்து. பத்து வளர்ந்த ஆடுகள் 300 கிலோ தேறும்; வண்டியோ 700 கிலோவுக்கு மேல் சுமக்கும். ஒன்பதடி பொலேரோ பிக்அப்பில் ஐந்தரை அடி அகலம், 50 சதுர அடி. நடுவில் ஒரு தடுப்பு வைத்தால் இரண்டு காளைகள் எஞ்சினைப் பார்த்தபடி அருகருகே நிற்க அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தும். பத்தடி மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுத்தால்? 55 சதுர அடி. அப்போதும் இரண்டு காளைதான். மூன்றாவதற்கு 64 சதுர அடிக்கு மேல் வேண்டும், அதாவது இதே அகலத்தில் ஏறக்குறைய பன்னிரண்டு அடி நீளம். ஒன்பதடிக்கும் பத்தடிக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆட்டு வியாபாரிக்கு இரண்டு ஆடு கூடுதலாகக் கிடைக்கும்; மாட்டுக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது. 1978-ஆம் ஆண்டின் கால்நடைப் போக்குவரத்து விதிகள் நாலரை, ஐந்து டன் லாரிக்கு நாற்பது ஆடு என்று டன்னை வைத்துப் பேசின. பின்னால் வந்த விதி சதுர மீட்டருக்கு மாறிக்கொண்டது.

டன் கூடினால் ஸ்பிரிங் பலமாக இருக்கும், அது நல்லதுதானே என்பார்கள். அங்கேதான் சிக்கல். 1.7 டன்னுக்குப் போட்ட ஸ்பிரிங் பட்டைகள் அந்த எடை ஏறினால்தான் வளைந்து கொடுக்கும். பதினைந்து ஆடு ஏற்றினால் 450 கிலோ. பட்டைக்கு அது வெறும் வண்டி மாதிரி. கண்மாய்க்கரைச் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேராக ஆட்டின் கால் மூட்டுக்குப் போகும். மறுபக்கம், காளை விஷயத்தில் எடையைவிட உயரம்தான் பயமுறுத்துகிறது. மூட்டை தரையோடு படுத்துக் கிடக்கும். நிற்கிற காளையின் பாரமோ வண்டித் தரைக்கு மேல் மூன்றடியில் இருக்கிறது, வளைவில் அதுவும் சேர்ந்து சாய்கிறது. இதற்கு மருந்து அதிக டன் அல்ல, அகலமான சக்கர இடைவெளியும் நிதானமான டிரைவரும். அந்த வகையில் ஏஸைவிட பொலேரோவோ இன்ட்ராவோ நிச்சயம் மேல். டன்னுக்கு உண்மையிலேயே வேலை வருகிற இடம் ஒன்று உண்டு: இரட்டைத் தட்டு போட்டு ஆடு ஏற்றுகிறவர்களின் வண்டி. அங்கே முப்பது ஆடு, மேல்தட்டு இரும்பு எல்லாம் சேர்ந்து ஒரு டன்னைத் தொட்டுவிடும். ஆனால் மேல்தட்டுக்கு அடியில் ஒழுகாத தகடு இல்லையென்றால் கீழே நிற்கிற ஆடுகள் வழி முழுக்க மூத்திரத்தில் குளித்துக்கொண்டே சந்தைக்கு வரும்.

தரை என்றதும் சதுர அடியோடு நிறுத்திவிட முடியாது. கம்பெனி கொடுக்கிற தரை இரும்புத் தகடு. சாணமும் மூத்திரமும் விழுந்த பத்தாவது நிமிடம் அது வழுக்குப் பாறை. வழுக்குகிற தரையில் காளை மிரளும், மிரண்ட காளை கிராதியை உதைக்கும். 1978 விதி தென்னை நார்ப் பாயோ மரப்பலகையோ போடச் சொல்கிறது. ஆட்டுக்கு வைக்கோல் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்காவது வேண்டும். கடையில் கிடைக்கிற ரப்பர் பாய் கழுவ எளிது, ஆனால் மேற்புறத்தில் புடைப்பு இல்லாத வழவழ ரகம் தகட்டைவிட மோசம். பின்கதவு இன்னொரு குறை. எந்தப் பிக்அப்பிலும் தரை முழங்காலுக்கு மேலே இருக்கிறது, கதவோ பாதி உயரம்தான். ஊரில் வண்டியை மண்மேட்டில் அணைத்து ஏற்றிவிடுகிறார்கள், ஏற்றுவதற்கு அது போதும். இறக்குகிற இடத்தில் மேடு இருக்குமா? குதித்து இறங்கும் காளையின் முன்னங்கால்தான் வாங்கிக்கொள்கிறது. பாடி கட்டும் பட்டறையில் கிராதிக்குச் சொல்லும்போதே, குறுக்குச் சட்டம் அடித்த சாய்பலகை ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுவது வண்டி விலையோடு ஒப்பிட்டால் பெரிய செலவே இல்லை.

டிரெய்லர் பிரியர்களின் வாதத்தை ஒதுக்கிவிடக் கூடாது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பண்ணைக்காரர்கள் பிக்அப்புக்குப் பின்னால் தனி டிரெய்லர் பூட்டித்தான் மாடு கொண்டுபோகிறார்கள். அதன் தரை சக்கரங்களுக்கு நடுவே தாழ்ந்திருக்கும்; சிலவற்றில் கதவே சாய்பலகையாக இறங்கும். நான் மேலே சொன்ன குறைகளில் பாதி அதில் இல்லை. நம்மிடம் டிரெய்லர் என்றால் டிராக்டருக்குப் பின்னால் வருவதுதான். அதன் தரை பிக்அப்பைவிட உயரம், பலவற்றில் ஸ்பிரிங்கே கிடையாது. பக்கத்து ஊர் மஞ்சுவிரட்டுத் தொழுவுக்கு மெதுவாகப் போய்வரத் தாங்கும். திருப்புவனம் செவ்வாய்ச் சந்தைக்குக் காரைக்குடியிலிருந்து ஆடு கொண்டுபோக அது ஆகாது. வெளிநாட்டு மாதிரியில் ஒன்றைச் செய்து வாங்கினாலும், அதற்குத் தனிப் பதிவு வேண்டும், இழுக்கிற வண்டிக்குத் தகுதி வேண்டும், பின்னோக்கி ஓட்டத் தெரிந்த கை வேண்டும். காரைக்குடியின் நேர்கோட்டு அகலத் தெருக்களில் ஓட்டிவிடலாம். மஞ்சுவிரட்டு நடப்பது அங்கே இல்லையே, கண்மாய்க்கரையில்.

இதையெல்லாம்விடக் கனமான ஆட்சேபம் வேறு. கால்நடைக்கென்று நிரந்தரத் தடுப்பு வைத்த வண்டியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்கிறது அதே 125-இ. இருபது ஆடு வைத்திருப்பவர், ஒரே ஒரு மஞ்சுவிரட்டுக் காளை வளர்ப்பவர், இதற்காக ஒரு வண்டியை வாங்கி வாசலில் நிறுத்த முடியுமா? முடியாது, வாங்கவும் வேண்டாம். வாரம் தவறாமல் சந்தைக்கு ஓடுகிற வியாபாரிக்குத்தான் ஒன்பதடி பிக்அப்பும் தடுப்பும் கட்டுப்படியாகும். மற்றவர்களுக்கு வாடகை வண்டிதான். ஆனால் அந்த விதியை அதிகாரிகளின் கெடுபிடி என்று மட்டும் எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். வாடகை வண்டிக்காரரிடம் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், நேற்று வண்டியில் என்ன ஏற்றினீர்கள் என்று கேட்க வேண்டும். யூரியா மூட்டை என்று பதில் வந்தால், தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவும்வரை ஒரு ஆட்டைக்கூட ஏற்றக் கூடாது. சிந்திக் கிடக்கிற வெள்ளை மணியை ஆடு உப்பென்று நக்கும். அசைபோடும் வயிற்றுக்கு அது விஷம்.