நடைப்பிணங்களின் நடுவே நால்வர்

சுட்டுத் தள்ளுவதையே பொழுதுபோக்காகக் கொண்ட கணினி விளையாட்டு ஒன்றைப் பற்றி இலக்கிய இதழில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும், நம் இளைஞரின் கற்பனையை ஆட்கொண்டுள்ள ஒன்றைக் கண்ணெடுத்தும் பாராமல் பழிப்பது திறனாய்வு ஆகாது. நாடகத்தையும் புதினத்தையும் எந்தத் தராசில் நிறுக்கிறோமோ, அதே தராசில் இதனையும் நிறுத்துப் பார்ப்போம்.

மேனாட்டார் 'ஸோம்பி' என்று அழைக்கும் உருவுக்கு நம் மொழியில் நெடுங்காலமாகவே 'நடைப்பிணம்' என்ற சொல் உண்டு. மேனாட்டு உரு பிறந்த இடமோ ஹெயிட்டி நாடு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்களுடைய நம்பிக்கையில், நடைப்பிணம் என்பது எசமானனுக்காக உழைக்கக் கல்லறையிலிருந்து எழுப்பப்பட்ட உடல். சாவும் விடுதலை தராத அடிமைத்தனமே அங்கு அச்சத்தின் வேர். வில்லியம் சீபுரூக் 1929இல் எழுதிய பயண நூல் அவ்வுருவை அமெரிக்க வாசகரிடம் கொண்டு சேர்த்தது. 1968இல் ஜார்ஜ் ரொமெரோ இயக்கிய 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' திரைப்படத்தில் எசமானன் மறைந்துபோனான். பசித்த கூட்டம் மட்டுமே எஞ்சியது. அப்படத்தில் ஒரே வீட்டில் ஒதுங்கியவர்கள், மேல்தளத்தில் இருப்பதா, நிலவறையில் ஒளிவதா என்று தங்களுக்குள் சண்டையிட்டே அழிகின்றனர். வெளியே நின்ற பகையைவிட உள்ளே எழுந்த பிளவே கொடியதாயிற்று.

இந்த இடத்திலிருந்துதான் நாம் எடுத்துக்கொண்ட விளையாட்டு தொடங்குகிறது. டர்ட்டில் ராக் குழுவினர் உருவாக்க, வால்வ் நிறுவனம் 2008 நவம்பரில் வெளியிட்ட 'லெஃப்ட் ஃபோர் டெட்', சாகட்டும் என்று கைவிடப்பட்டோரைக் குறிக்கும் தலைப்பு. இடையிலுள்ள 'ஃபோர்' என்ற ஒலி நான்கு என்ற எண்ணாகவும் எழுதப்பட்டிருப்பதால், நால்வர் என்ற பொருளும் அதில் ஒட்டிக்கொள்கிறது. வியட்நாம் போரில் பங்கேற்ற முதியவர் பில், கல்லூரி மாணவி ஸோயி, கணினிப் பணியாளர் லூயிஸ், மோட்டார் சைக்கிளே வாழ்வென்றிருந்த முரடன் ஃபிரான்சிஸ் ஆகிய நால்வரும் ஒருவருக்கொருவர் அந்நியர். கொள்ளைநோய் சேர்த்து வைத்தவர்கள். ஓர் அடைக்கல அறையிலிருந்து அடுத்த அடைக்கல அறைவரை நடந்து, மீட்கவரும் ஊர்தியை எட்டுவதே கதை. நான்கு உருக்களையும் நான்கு மனிதர் இயக்கலாம். அவர்கள் நான்கு ஊர்களில் இருக்கலாம்.

இதன் கவர்ச்சி எங்கே இருக்கிறது? துப்பாக்கியில் என்று விடை சொல்வது எளிது. துப்பாக்கி விளையாட்டுகள் இதற்கு முன்னும் ஏராளம். அவற்றுள் பலவற்றில் தனிவீரனே தலைவன். இங்கு விதிகளே தனிவீரனைத் தோற்கடிக்கின்றன. 'வேட்டைக்காரன்' என்னும் நோயுரு ஒருவர்மீது பாய்ந்து அமுக்கிவிட்டால், எத்துணைத் திறமையாளராயினும் அவர் தம்மைத் தாமே விடுவித்துக்கொள்ள இயலாது. கத்தலாம், அவ்வளவே. தோழர் ஒருவர் அதனைத் தள்ளினாலோ சுட்டாலோதான் உயிர். காயமுற்றுச் சாய்ந்தவர் படுத்தபடி சுடலாம், எழ முடியாது. தூக்கிவிடுகிறவரோ அந்தச் சில விநாடிகள் தம் ஆயுதத்தைப் பயன்படுத்த முடியாது. தம்மையே ஆபத்துக்குத் திறந்து வைக்கவேண்டும். ஒருவர் ஒரே ஒரு மருந்துப் பெட்டியையே சுமக்கலாம். அதனைத் தமக்கும் செலவிடலாம், பிறர்க்கும் செலவிடலாம். முந்திச் செல்கிறவர் தனித்து வீழ்கிறார். கண்மூடிச் சுடுகிறவரின் குண்டு நண்பரின் முதுகில் பாய்கிறது. இளைஞர் விளையாடும்போது அருகிலிருந்து கேட்டால், வெற்றி முழக்கத்தைவிட "எங்கே இருக்கிறாய்?", "என்னை விட்டுப் போகாதே" என்ற குரல்களே மிகுதியாகக் காதில் விழும்.

இன்னொரு நுட்பமும் கருதத்தக்கது. பகைவர் எங்கே, எப்போது, எத்தனை பேர் தோன்றவேண்டும் என்பதை 'இயக்குநர்' என்று பெயரிடப்பட்ட கணினி நிரல் அவ்வப்போது முடிவு செய்கிறது. ஆடுவோரின் நெருக்கடியை அளந்து, உச்சம் வரை ஏற்றி, பின் சற்றே ஓய்வு தருகிறது. ஆதலால் பாதையை மனப்பாடம் செய்வது முழுப் பயன் தராது. தோழரை அறிவதே பயன் தரும். அந்த ஓய்வு நேரங்களில்தான் மருந்து கைமாறுகிறது, நன்றி சொல்லப்படுகிறது, சிரிப்பு பிறக்கிறது. நல்ல நாடக ஆசிரியர் அறிந்த ஏற்ற இறக்கம் இது.

இதுவரை கூறியது பாராட்டு. குறையையும் கூறவேண்டும். தோழமையை விதியாக்கிய இதே விளையாட்டில், ஒருவரை வாக்களித்து வெளியேற்றவும் வழியுண்டு. தொந்தரவு செய்பவரை விலக்கும் இவ்வழி, புதிதாக வந்த, கைப்பழக்கமில்லாத ஒருவருக்கு எதிராகவும் திரும்பக்கூடும். அவர் இடத்தைக் கணினி இயக்கும் பொம்மை நிரப்பிவிடும். பிறர் உதவியின்றி வாழ முடியாது என்று கற்பிக்கும் களமே, உதவி மிகுதியாகத் தேவைப்படுகிறவரைச் சுமையென்று எண்ணவும் பழக்கிவிடலாம்.

அதனினும் பெரிய குறை எதிரே வரும் கூட்டத்தைப் பற்றியது. நால்வரின் நட்பு அத்துணை எளிதாக மலர்வதற்குக் காரணம், எதிரிலிருப்போருக்குப் பெயரில்லை, வரலாறில்லை, அவர்களிடம் பேச வழியில்லை என்பதே. இக்கதையில் அவர்கள் இறந்து எழுந்தவர்களும் அல்லர். கிருமி தொற்றிய உயிருள்ள மனிதர். நேற்றுவரை செவிலியராகவும் காவலராகவும் அண்டைவீட்டாராகவும் இருந்தவர்கள். நோயாளியைக் கண்டு விலகாத அன்பை நற்பண்பென்று போற்றும் நாம், இதனை எளிதில் கடந்துபோக இயலாது.

வியப்பு என்னவெனில், இக்கேள்வியைப் படைப்பாளரே ஒருவாறு தொட்டிருக்கின்றனர். 2010இல் 'த சாக்ரிஃபைஸ்', அதாவது 'தியாகம்', என்ற தொடர்ச்சி படக்கதையாகவும் விளையாட்டாகவும் வெளிவந்தது. அந்த நால்வரும் நோயின் அறிகுறி இன்றியே கிருமியைச் சுமந்து திரிகிறவர்கள் என்ற உண்மையைப் படக்கதை வெளிப்படுத்துகிறது. 'நாம்' என்றும் 'அவர்கள்' என்றும் கிழித்த கோடு அங்கே அழிந்துபோகிறது. அதன் இறுதியில், உயர்ந்துகொண்டிருந்த பாலம் மின்னாக்கி நின்றதால் பாதியில் நிற்கிறது. யாரேனும் ஒருவர் கீழே குதித்து அதனை மீண்டும் இயக்கவேண்டும். குதித்தவர் திரும்ப முடியாது. படக்கதையில் அவர் முதியவர் பில். விளையாட்டிலோ யார் என்று விதி கூறுவதில்லை. ஆடுவோரே முடிவு செய்யவேண்டும்.

திரையில் தரும் உயிர் மெய்யான உயிரன்று. அதனைத் தருவதற்கு விலையும் இல்லை. ஆயினும், ஒருவருக்கொருவர் கைகொடுத்தாலன்றி வாழ முடியாத ஓர் உலகத்தை இளைஞர் விரும்பித் தேடிச் செல்கின்றனர் என்பது பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி. வீட்டிலும் தெருவிலும் கல்விக்கூடத்திலும் "உன் உதவி இல்லாமல் எங்களால் இயலாது" என்று அவர்களிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? அடுத்த முறை அவர்கள் விளையாடி எழும்போது, எத்தனை பேரைச் சுட்டாய் என்று கடிந்துகொள்வதற்கு முன், இன்று யாரைத் தூக்கிவிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு, எதிரே ஓடிவந்த அந்த மனிதர் யார் என்றும் கேளுங்கள். இரண்டு கேள்விகளும் சேர்ந்தே கேட்கப்படவேண்டியவை.