நியோ-சோல் காதல் டூயட்: இதமும் இணக்கமும்

நியோ-சோல் காதல் டூயட்டில் இரு குரல்களும் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பதில்லை. 1970களின் சோல் இசையை ஹிப்-ஹாப் தாளத்தோடு இணைத்து, 1990களில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த பாணி இது. டயானா ராஸும் லயனல் ரிச்சியும் 1981இல் பாடிய 'எண்ட்லெஸ் லவ்' போன்ற பாடல்களில் குரல் படிப்படியாக ஏறி உச்சத்தில் போய் நிற்கும். நியோ-சோலுக்கு அந்த உச்சம் தேவைப்படவில்லை.

லாரின் ஹில்லின் 1998ஆம் ஆண்டு ஆல்பத்தில் அவரும் டி'ஆஞ்சலோவும் பாடிய 'நத்திங் ஈவன் மேட்டர்ஸ்' இதற்கு நல்ல சான்று. ஏறக்குறைய 6 நிமிடம் நீளும் பாட்டு அவசரமே இல்லாமல் நகர்கிறது. ஹில் அடங்கிய குரலில் பாட, டி'ஆஞ்சலோ பொய்க்குரலில் ஏறிப் பெண்குரலின் எல்லையைத் தொடுகிறார். ஒருவர் விட்ட இடமும் மற்றவர் எடுத்த இடமும் சில வரிகளில் பிடிபடுவதே இல்லை. கேட்பவரை இழுப்பது இந்தக் கலப்புதான். குரல் வித்தையைக் காட்டக்கூடிய இருவர் அதைக் காட்டாமல் விட்டதும்தான்.

இந்த நெருக்கத்தைக் காதலின் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சோல் டூயட்டுகளில் பேர்போன 'எய்ன்ட் நோ மவுன்டன் ஹை எனஃப்' (1967) பாட்டை மார்வின் கேயும் டாமி டெரலும் தனித்தனியேதான் பதிவு செய்தார்கள். கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

குறையும் அந்த இதத்திலேயே இருக்கிறது. ஆணும் பெண்ணும் ஒரே உணர்வை ஒரே அழுத்தத்தில் சொல்லும்போது உரையாடல் நின்றுவிடுகிறது. ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டுகிறார். ஹில், டி'ஆஞ்சலோ போன்ற குரல்கள் இல்லாத இடத்தில் எஞ்சுவது எலெக்ட்ரிக் பியானோவும் சோம்பல் தாளமும்தான். அப்படிப்பட்ட பாட்டு காபிக் கடையில் பின்னணியாக ஓடும். வரி ஒன்றும் மனதில் தங்காது.

அந்த உரையாடல் கேட்கும் பாட்டு தி ரூட்ஸ் குழுவின் 'யூ காட் மீ' (1999). கறாராகப் பார்த்தால் இது டூயட் அல்ல. ராப் வரிகளுக்கு நடுவே, ஜில் ஸ்காட்டின் பங்களிப்பில் உருவான பல்லவியை எரிக்கா பாடு பாடுகிறார். கச்சேரிக்காக ஊர் ஊராய்ப் போகும் கலைஞனின் காதலில் சந்தேகம் நுழைகிறது. அந்தச் சந்தேகத்துக்கு மறுமொழியாகவே பெண்குரலின் உறுதிமொழி வருகிறது. கடைசியில் டிரம்ஸ் திடீரென வேகமெடுத்து, அதுவரை இருந்த அமைதியைக் குலைக்கிறது. குரல்களின் கலப்பில் ஹில்லின் பாட்டுக்கு இது ஈடாகாது; காதலர் இருவர் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டுமென்றால் இதுவே மேலான பாட்டு.