திரும்பி வரும் கால்

பெல்ட் டெஸ்ட் நெருங்கும் மாதத்தில் பயிற்சிக்கூட வாசலில் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மாஸ்டர், பிள்ளைக்கு அடுத்த பெல்ட் எப்போ?" நியாயமான கேள்வி. மாதா மாதம் கட்டணம் கட்டுகிறார்கள், விடியற்காலையில் வண்டியில் கொண்டுவந்து விடுகிறார்கள். பிள்ளை ஏறிய படி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆனால் அதற்குப் பதில் சொல்லும் முன், எதைப் பார்த்து பெல்ட் கொடுக்கிறோம் என்று நமக்கே தெளிவு வேண்டும். கிக் பாக்ஸிங்கில் இதற்கு உலகம் முழுவதற்கும் பொதுவான விடை கிடையாது. இது ஒரே வீட்டில் பிறந்த கலை அல்ல. ஜப்பான், தாய்லாந்து, அமெரிக்கா, பிரான்ஸ் என்று பல வீடுகளில் வளர்ந்தது. வீட்டுக்கு வீடு அளவுகோலும் வேறு. ஆண்டு மலர் வெளியாகும் இந்த வேளையில் அந்த அளவுகோல்களை ஒருமுறை வரிசையாக எடுத்துப் பார்ப்பது நமக்கு நல்லது.

பெல்ட் வந்த வழி

பெல்ட் கிக் பாக்ஸிங்கின் சொந்தச் சொத்து அல்ல, ஜூடோ தந்தது. ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஷிரோ சைகோ, சுனெஜிரோ தோமிதா என்ற இரு மாணவர்களுக்கு முதல் 'டான்' தரம் வழங்கினார். டான் என்ற படிமுறை அதற்கும் முன்பே 'கோ' என்னும் பலகை ஆட்டத்தில் இருந்தது. இரு ஆட்டக்காரர்களில் யார் வலியவர், யாருக்கு எத்தனை காய் விட்டுக்கொடுத்து ஆட வேண்டும் என்பதை அது சொன்னது. ஆகவே தரம் என்பது தொடக்கத்திலிருந்தே எதிரில் இன்னொருவரை உட்காரவைத்து அளந்த அளவு. இதை நாம் மறக்கக் கூடாது.

கராத்தேவுக்கு டான் தரத்தை 1924-ல் கிச்சின் ஃபுனாகோஷி கொண்டுவந்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்ற இடைப்பட்ட நிறங்கள் பெருகியது ஐரோப்பாவில். 1935-ல் பிரான்ஸ் சென்ற ஜூடோ ஆசான் மிக்கினோசுக்கே கவாய்ஷி அவற்றைப் பாரிஸில் பரப்பினார். கறுப்பு பெல்ட்டுக்குக் காத்திருக்கும் ஆண்டுகளில் மாணவர் மனம் தளராதிருக்கச் சிறு சிறு படிகள் உதவின. கராத்தே கற்றுவிட்டு கிக் பாக்ஸிங்குக்கு வந்த ஆசான்கள் அந்த நிற வரிசையையும் கையோடு கொண்டுவந்தார்கள். நிறங்களின் வரிசை கழகத்துக்குக் கழகம் இன்றும் மாறுகிறது.

ரிங்கே தேர்வுக்கூடம்

தாய்லாந்தின் முவே தாய் முகாம்களில் பழைய வழக்கப்படி பெல்ட் இல்லை. வீரர் தலையில் அணியும் 'மோங்கோன்' என்ற வளையத்தை ஆசானே அணிவிப்பார், வணக்க நடனம் முடிந்ததும் அவரே கழற்றுவார். அது மரியாதையின் சின்னம். தரம் முடிவாவது ரிங்கில்தான். அங்கே நடுவர்கள் உதையின் வேகத்தோடு உதைத்தவரின் நிலையையும் பார்க்கிறார்கள். அடி பட்டாலும், அடித்தவர் தடுமாறினால் அந்த அடிக்கு மதிப்புக் குறைகிறது.

1960-களின் முற்பகுதியில் மசுடாட்சு ஓயாமாவின் கராத்தே கூடத்திலிருந்து மூவர் பாங்காக் சென்று லும்பினி அரங்கில் முவே தாய் வீரர்களுடன் மோதினார்கள். இருவர் வென்றார்கள், கென்ஜி குரோசாகி தோற்றார். தோற்ற அவர்தான் பிறகு டோக்கியோவில் மெஜிரோ ஜிம்மைத் தொடங்கிப் பெரிய ஆசானானார். அவருடைய மாணவர் தோஷியோ ஃபுஜிவாரா 1978-ல் பாங்காக்கின் ராஜதம்னோன் அரங்கப் பட்டத்தை வென்றார். தாய்லாந்துக்காரர் அல்லாத ஒருவர் அந்தப் பட்டத்தை எடுத்தது அதுவே முதல்முறை. இதற்கிடையே ஒசாமு நொகுச்சி 'கிக் பாக்ஸிங்' என்ற பெயரிலேயே 1966-ல் ஜப்பானில் போட்டிகளைத் தொடங்கியிருந்தார்.

குரோசாகியிடம் கற்ற யான் பிளாஸ் என்ற டச்சுக்காரர் 1978-ல் ஆம்ஸ்டர்டாமில் அதே மெஜிரோ பெயரில் கூடம் திறந்தார். அங்கே வளர்ந்த டச்சுப் பாணியின் அடையாளம், குத்துகளை அடுக்கி வந்து கடைசியில் தொடையில் இறங்கும் லோ கிக். இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் அடிக்க மற்றவர் தடுத்து உடனே திருப்பி அடிக்கும் ஜோடிப் பயிற்சியே அதன் உயிர்.

ஒரே காலில் ஒரு பாடம்

அமெரிக்காவில் 1974-ல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த உலகப் போட்டியோடு ஃபுல் கான்டாக்ட் கராத்தே பிறந்தது. உதை இடுப்புக்கு மேலேதான். வெறும் குத்துச்சண்டையாகிவிடாதபடி, ஒவ்வொரு சுற்றிலும் குறைந்தது 8 உதைகள் என்ற விதியும் வந்தது. அன்று மிடில்வெயிட் பட்டம் வென்ற பில் வாலஸ், ஜூடோவில் வலது முழங்காலைக் காயப்படுத்திக்கொண்டவர். அதனால் இடது காலையே நம்பினார். ரவுண்ட் கிக், ஹூக் கிக், சைடு கிக் மூன்றுக்கும் முழங்காலை ஒரே மாதிரிதான் தூக்குவார். எது வருகிறது என்று எதிராளிக்குக் கடைசி நொடி வரை தெரியாது. பத்து உதைகளை அரைகுறையாகக் கற்பதைவிட மூன்றை முழுதாகக் கற்பது மேல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கையுறையின் நிறம்

பிரெஞ்சு சவாத்தில் இடுப்பில் பெல்ட் இல்லை. நீலம், பச்சை, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் எனக் கையுறையின் பெயரால் தரம் சொல்கிறார்கள், அதற்கு மேல் வெள்ளிக் கையுறை. காலணி அணிந்த பாதத்தால் மட்டுமே உதைக்கலாம், கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பால் அடிக்கக் கூடாது. அவர்களின் 'அசோ' போட்டியில் பலத்தைக் காட்டினால் தண்டனை, சுத்தமான உதைக்கே புள்ளி. அடக்கமும் திறமையின் பகுதி என்று விதியாகவே எழுதிவைத்தவர்கள் அவர்கள்.

இந்தப் பாணிகள் பலவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர முயன்றது வாக்கோ. ஜெர்மனியின் கேயார்க் புரூக்னர் 1976-ல் தொடங்கிய இந்த உலக அமைப்பு, மேட்டில் பாயின்ட் ஃபைட்டிங், லைட் கான்டாக்ட், கிக் லைட், ஃபார்ம்ஸ் என்றும், ரிங்கில் ஃபுல் கான்டாக்ட், லோ கிக், கே-1 என்றும் பிரித்து நடத்துகிறது. 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் முழு அங்கீகாரம் அதற்குக் கிடைத்தது.

எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒன்று

இத்தனை பாணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பொது அளவுகோல் தெரிகிறது. போன காலும் கையும் எப்படித் திரும்பி வருகின்றன என்பதுதான் அது. கராத்தே உதை முழங்காலில் மடங்கி நீண்டு மறுபடி மடங்கும். முவே தாய் உதை இடுப்போடு சேர்ந்து வீசி வெட்டும். வடிவம் வேறு. ஆனால் அடித்த மறுநொடியில் அடுத்த அடிக்கோ தடுப்புக்கோ தயாராக நிற்காதவர் எந்த வீட்டிலும் தேறமாட்டார்.

ரவுண்ட் கிக்கையே எடுத்துக்கொள்வோம். ஊன்றிய காலின் குதிகால் எதிராளி பக்கம் திரும்ப வேண்டும். அது திரும்பாவிட்டால் இடுப்பு திரும்பாது, முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். உதைக்கும் பக்கத்துக் கை சமநிலைக்காகக் கீழே வீசினால் மறு கை கன்னத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். கால் திரும்பி நிலத்தைத் தொடும்போது நிற்கும் நிலை, புறப்பட்டபோது நின்ற நிலையாகவே இருக்க வேண்டும். உதை பட்டதை எல்லோரும் பார்க்கிறார்கள். தேர்வாளர் இந்தக் கடைசி அரை நொடியைப் பார்க்க வேண்டும்.

நான் தேர்வாளராக அமர்ந்த ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. பச்சை பெல்ட்டுக்கு நின்ற மாணவி பேடில் இருபது உதைகளைப் படத்தில் வரைந்தது போல் அடித்தாள். அடுத்து ஸ்பாரிங், இரண்டு நிமிடச் சுற்றுகள். இரண்டாம் சுற்றில் மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு உதைக்கும் இரு கைகளும் இடுப்புக்கு இறங்கின, கால் குறுக்கே விழுந்தது. அன்று பெல்ட் தரவில்லை. அழுதாள். பயிற்சிக்கு ஒரு நாற்காலியைக் காட்டினேன். பக்கவாட்டில் நாற்காலியை வைத்து, அதன் முதுகுக்கு மேலாக முழங்காலைத் தூக்கி மெதுவாக உதைத்து, மறுபடி அதைத் தொடாமல் காலை மடக்கித் திரும்ப வேண்டும். கைகள் பனியன் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குப் பத்து முறை, அவசரமே கூடாது. மூன்று மாதம் கழித்து அவள் களைத்த நிலையிலும் கைகள் இறங்கவில்லை. அந்த பெல்ட்டை அவள் இடுப்பில் கட்டியபோது எனக்கிருந்த நிறைவு, அன்று கறுப்பு பெல்ட் வாங்கியவர்களைப் பார்த்தபோதுகூட இல்லை.

ஆகவே சக மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். களைப்பதற்கு முன் காட்டும் உதைக்கு மட்டும் தரம் கொடுக்காதீர்கள். எதிரில் ஆள் நிற்காத தேர்வு பாதித் தேர்வுதான். கட்டணம் கட்டிய எல்லோரும் தேறும் கூடத்தில் தேறியதற்கு மதிப்பில்லை. தேறாத பிள்ளையை எதைத் திருத்த வேண்டும் என்று சொல்லியே அனுப்புங்கள். பெற்றோரே, அடுத்த முறை "பெல்ட் எப்போ?" என்பதோடு "எதைத் திருத்த வேண்டும்?" என்றும் கேளுங்கள். மாணவர்களே, பெல்ட்டை ஒரு நாளில் மாஸ்டர் கட்டிவிடுவார். உதைத்த காலைத் திரும்பக் கொண்டுவரும் பழக்கத்தை நீங்கள்தான் தினமும் உங்கள் உடம்பில் கட்ட வேண்டும்.