பெயர் பதிந்தால் போதுமா?

1921இல் சுமார் 9,000 பேர் வாழ்ந்த, லண்டனுக்குக் கிழக்கே உள்ள டாகன்ஹாம், 1931இல் ஏறத்தாழ 89,000 பேரின் ஊராகிவிட்டது. லண்டன் கவுண்டி கவுன்சில் அங்கே எழுப்பிய பெக்கன்ட்ரீ குடியிருப்பே இதற்குக் காரணம். லண்டனின் நெரிசலான தெருக்களை விட்டு வந்த குடும்பங்கள் சிலவற்றோடு காசநோயும் வந்தது. இப்படி வளர்ந்த ஊர்களில் நோயைப் பின்தொடர இங்கிலாந்து கட்டாய அறிவிப்பு முறையை நம்பியது.

அம்முறையின் வலிமையை மறுக்க முடியாது. 1912ஆம் ஆண்டு விதிகளின்படி, எல்லா வகைக் காசநோயையும் மருத்துவர்கள் சுகாதார அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டியிருந்தது. பெயர் பதிவானதும் செவிலியர் வீடு தேடிப் போவார். தனிப் படுக்கை உண்டா, சளியை எப்படி அகற்றுகிறார்கள் என்று பார்ப்பார். உடன் வாழ்வோரைப் பரிசோதனைக்கு அழைப்பார். வீடு மாறியவரின் பெயர் புதிய ஊரின் பதிவேட்டுக்கு மாற்றப்படும். இதனால், ஊரில் புதிதாகத் தோன்றிய நோயையும் வெளியிலிருந்து வந்த நோயையும் பிரித்தறிய முடிந்தது. குடியேற்றம் மிகுந்த ஊருக்கு இது பெரிய உதவி.

ஆனால் மருத்துவரிடம் வந்தவரை மட்டுமே பதிவேடு அறியும். வேலை போய்விடும் என்று அஞ்சியவர்கள் நோயை மறைத்தார்கள். சிலரின் நோய் இறப்புச் சான்றிதழில்தான் முதன்முதலாக வெளிப்பட்டது. பெருந்திரளானோரை எக்ஸ்ரே எடுக்கும் ஏற்பாடு 1943இல்தான் வந்தது. பொறுப்பும் சிதறிக் கிடந்தது: பதிவேடு ஊர் மன்றத்திடம், 1921ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சிகிச்சை டாகன்ஹாம் அமைந்த கவுண்டியின் கவுன்சிலிடம், பெக்கன்ட்ரீயின் வீடுகளோ லண்டன் கவுண்டி கவுன்சிலிடம்.

ஆழமான குறை வேறு. அந்தப் பதிவேடு படுக்கைகளை எண்ணியது. அடுப்பில் என்ன வெந்தது என்று கேட்கவில்லை. வட இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் சுகாதார அதிகாரியாக இருந்த மெகோனிகல் அதைக் கேட்டார். 1927இல் சேரியிலிருந்து புதுவீடுகளுக்குப் போன குடும்பங்களில் இறப்பு விகிதம் கூடியிருந்தது. கூடிய வாடகை உணவுக்கான பணத்தை விழுங்கியதே காரணம் என்றார் அவர். அவர் ஆராய்ந்தது காசநோயை மட்டுமன்று. ஆயினும் பட்டினி உடலில் காசநோய் எளிதில் வேரூன்றும் என்பதால், அந்தப் பாடம் இதற்கும் பொருந்தும்.

காசநோயைக் குணப்படுத்தும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வருமுன், அறிவிப்பு முறை செய்யக்கூடியதைச் செய்தது. அதைக் கைவிட்டிருந்தால் ஊர் குருடாகியிருக்கும். ஆனால் பெயரைக் கேட்கும் அரசு, அந்தப் பெயருக்குரியவரின் கூலிக்கும் சோற்றுக்கும் பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பொறுப்பு உறுதியாக இருந்திருந்தால், நோயை மறைக்கும் தேவையே பலருக்கு வந்திராது; பதிவேடும் முழுமை பெற்றிருக்கும்.