குமிழுக்குள் பாலாறு

ஹான்ஸ் ரோஸ்லிங் 2010-ல் பிபிசிக்காகச் செய்த "200 நாடுகள், 200 வருஷம், 4 நிமிஷம்" வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு கணக்கில்லை. கிடையச்சில் வருமானம், நெட்டச்சில் ஆயுள், நாட்டுக்கு ஒரு குமிழ். 1810-லிருந்து எல்லாம் மெல்ல மேலே ஏறும். மென்பொருள்காரனாகச் சொல்றேன், தரவை இவ்வளவு அழகா ஓடவிட்டவர்கள் குறைவு.

ஆனா ஆம்பூர்ப் பக்கம் வளர்ந்தவனுக்கு ஒண்ணு உறுத்தும். ஒவ்வொரு குமிழும் தன் பாட்டுக்கு ஏறுவதுபோல் தெரிகிறது.

எங்க ஊர்க் கதையைப் பாருங்க. 1970-களில் அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. முழுத்தோல், ஷூ என்று தொழில் நகர்ந்தது. வருமானம் வந்தது, மறுக்கவில்லை. காலையில் கம்பெனி பஸ்ஸில் போகும் பெண்களின் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் ஏராளம்.

1989-ல் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடும் பென்டாகுளோரோஃபீனாலைத் தடை செய்தது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உதவ, நம்ம ஆட்கள் சில வருஷத்திலேயே அதைக் கைவிட்டார்கள். வாங்குபவன் உடம்புக்கு ஆகாதென்றால் ஆர்டர் கிடைக்காதே.

பாலாற்றுக்கு? வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ கெட்டுப்போனதாக அதில் பதிவாகியிருக்கிறது. தோல் ஆலைக்கு அபராதம் தலா 10,000 ரூபாய். 2025 ஜனவரி 30-லும் அதே நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுங்கள் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. 1991-லிருந்து எண்ணினால் 34 வருஷம்.

ரோஸ்லிங் சராசரியை நம்பி ஏமாந்தவர் இல்லை. அதே வீடியோவில் சீனாவை மாகாணம் மாகாணமாகப் பிரித்துக் காட்டுகிறார். நானும் அப்படிச் செய்யப் பார்த்தேன். (2019-ல் வேலூரையே மூன்று மாவட்டமாக்கிவிட்டார்கள், ஆம்பூர் இப்போ திருப்பத்தூரில். பழைய எண்களோடு ஒட்டுவது தனித் தலைவலி.) பிரித்தாலும் ஜெர்மன் குமிழுக்கும் ஆம்பூர்க் குமிழுக்கும் நடுவே கோடு வரவில்லை. ஒருவர் காலில் ஷூ போகிறது, கழிவு இங்கேயே தங்குகிறது, அந்தத் தங்கலுக்கு எந்த அச்சும் கிடையாது.

கிணறு உப்பானபிறகு வீட்டுக்கு வீடு வாங்க ஆரம்பித்த கேன் தண்ணி இருக்கே, அந்தக் காசும் உற்பத்திக் கணக்கில் சேர்ந்து நம்ம குமிழை வலப்பக்கம்தான் நகர்த்தும்.